ஒன்றும் கசியவில்லை

என் வாழ்நாளில் நான் எழுதியது ஒரே ஒரு கவிதை. எட்டே வரி. அதை எழுதப் பிடித்த நேரத்தைவிட, ஐயோ எழுதிவிட்டோமே என்று கக்கூஸில் உட்கார்ந்திருந்த நேரம் அதிகம். பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கு வயிறுதான் முதலில் முடிவெடுக்கும், மூளைக்குத் தகவல் பிறகுதான் போகும். இன்றைக்கும் அப்படித்தான். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால், என் மனைவி ஒன்றும் கேட்காமல் பாத்ரூம் விளக்கைப் போட்டு வைக்கிறாள்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அப்பாவுக்குக் கடலோரத்து அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. தென்காசிப் பக்கமிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர்கள் நாங்கள். குவார்ட்டர்ஸ் என்றால், நம் வீட்டில் மிளகாய் தாளித்தால் பக்கத்து வீட்டில் தும்முவார்கள், அவ்வளவு நெருக்கம். அங்கே எல்லா அப்பாக்களும் காலையில் ஒரே பஸ்ஸில் ஏறி ஒரே கேட்டுக்குள் போய், சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்பினார்கள். உள்ளே என்ன செய்கிறார்கள் என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. கேட்டால், "ஆபீஸ் விஷயம் வெளிய பேசப்படாதுல" என்று அப்பா வாயை மூடிக்கொள்வார். அவர் அங்கே பெரும்பாலும் பம்புகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவர் ரிட்டையர் ஆன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

உள்ளே ஏதாவது கசிந்தால் ஊரை எச்சரிக்க அந்த நிலையத்துக்கு ஒரு சைரன் உண்டு. வாராவாரம் சோதனைக்காக ஊதுவார்கள். எப்போதாவது ஒத்திகை நடக்கும். சைரன் கேட்டதும் எல்லோரும் வீட்டுக்குள் ஓடி, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு, அடங்கும்வரை வெளியே தலை காட்டாமல் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு அது கடமை. எங்களுக்கு, கணக்குப் பாடத்தைப் பாதியில் நிறுத்தும் தெய்வம்.

நான் படித்தது குவார்ட்டர்ஸுக்கும் மகாபலிபுரத்துக்கும் நடுவில், சவுக்குத் தோப்பை ஒட்டியிருந்த பள்ளிக்கூடத்தில். எட்டாம் வகுப்புக்குப் புதிதாக ஒரு தமிழ் டீச்சர் வந்தார். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து பஸ் மாறி பஸ் மாறி வருவார். அவருக்கு அது முதல் வேலை, அதனால் பாடத்தைப் புரியவைத்துவிட முடியும் என்ற நம்பிக்கை இன்னும் உடம்பில் மிச்சமிருந்தது. செய்யுள் பகுதி நடத்த வந்த அன்று புத்தகத்தைத் திறக்கவே இல்லை. ஒரு பிளாஸ்டிக் கூடையிலிருந்து பூட்டு, கம்பி நீட்டிக்கொண்ட குடை, தீப்பெட்டி, விளக்குமாறு என்று ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது உங்க வீட்ல யாரு?" என்று விளக்குமாற்றைக் காட்டிக் கேட்டார்.

முதல் பெஞ்சுப் பெண் எழுந்து, "எங்க வீட்ல அது கதவுக்குப் பின்னாடி இருக்கு மிஸ்" என்றாள்.

"எங்க இருக்குன்னு கேக்கல. யாருன்னு கேட்டேன்."

வகுப்பு முழித்தது. ஒருவன் தைரியமாகக் கையைத் தூக்கி, "எங்க சித்தப்பா தீப்பெட்டி மாதிரி மிஸ்" என்றான்.

"மாதிரியும் கிடையாது, போலவும் கிடையாது. போ, வெளியில மரத்துக்கிட்ட அதைக் குடுத்துட்டு வா."

டீச்சரின் சட்டம் அதுதான். யார் வாயிலிருந்து 'போல' வந்தாலும், அவர்கள் எழுந்து போய் ஜன்னலுக்கு வெளியே இருந்த சவுக்கு மரத்திடம் அந்த 'போல'யைச் சொல்லி ஒப்படைத்துவிட்டு, திரும்பி வந்து, அது இல்லாமல் வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். முதல் வாரம் பாதி வகுப்பு மரத்தடியில்தான் நின்றது. ஹெட்மாஸ்டர் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பசங்க மரத்தோட என்ன பேசுறாங்க?" என்று கேட்டார். "உவமையைக் கழட்டி வெச்சிட்டு உருவகத்தோட வராங்க சார்" என்றார் டீச்சர். ஹெட்மாஸ்டர் கணக்கு வாத்தியார். அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

தீப்பெட்டிச் சித்தப்பாவோடு பையன் திரும்பி வந்ததும் டீச்சர் சொன்னது இன்றும் ஞாபகம் இருக்கிறது. "மாதிரின்னு சொல்றப்போ நீ தள்ளி நின்னு பாக்கிற. அதைத் தூக்கிப் போட்டாத்தான் உள்ள போவ. சித்தப்பா தீப்பெட்டிதான்னு ஆயிடுச்சா? இப்பக் கேளு. யாரு உரசறாங்க? உள்ள எத்தனை குச்சி பாக்கி? மழையில நனைஞ்சா என்ன ஆகும்?" பையன் யோசித்து, "சித்தி நனைச்சிடுவாங்க மிஸ்" என்றான். வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்காமல், "பாத்தியா, கவிதை வந்துடுச்சு" என்றார்.

என் பக்கத்தில் உட்காருபவன் எத்திராஜ். அவனுடைய அப்பா முட்டுக்காடு படகுத்துறையில், காலால் மிதித்து ஓட்டும் படகுகளில் வேலை பார்த்தார். அவன் முறை வந்தபோது, மேஜைமேல் இருந்த எதையும் அவன் தொடவில்லை.

"எங்க நைனா பெடல் போட்டு டீச்சர்."

"ஏன்டா?"

"மிதிச்சிகினே கீறாரு. கரைய வுட்டு ரொம்ப தூரம் போவ மாட்டாரு. ஏறி குந்தினவங்கோதான் சிரிச்சிகினு எறங்கிப் போவாங்கோ."

டீச்சர் கூடைக்குள் எதையோ தேடுவதற்காகக் குனிந்தார். ரொம்ப நேரம் தேடினார். நான் எத்திராஜைப் பொறாமையோடு பார்த்தேன். ஒரு படகை வைத்துக்கொண்டு இவன் இவ்வளவு பேர் வாங்குகிறானே, எங்கள் வீட்டில் இதைவிடப் பெரிய சாமானாக ஏதாவது அகப்படாதா என்று தேட ஆரம்பித்தேன்.

அகப்பட்டது. என் அக்கா.

அக்கா அந்த வருஷம் பிளஸ் டூவில் பிசிக்ஸ் பேப்பரில் பெயில். மற்ற ஊர்களில் இது ஒரு வீட்டுத் துக்கம், ஒரு வாரம் அழுதால் தீர்ந்துவிடும். எங்கள் குவார்ட்டர்ஸில் பிசிக்ஸில் பெயிலாவது, கோயில் குருக்கள் வீட்டுப் பிள்ளைக்குச் சாமி பெயர் மறந்துபோவது போல. (டீச்சர் மன்னிக்கவும். மரம் இப்போது இல்லை.) ரிசல்ட் வந்த அன்றே அம்மாவும் அப்பாவும் கூடிப் பேசி ஓர் அறிக்கை தயாரித்தார்கள். யார் கேட்டாலும் அக்காவுக்கு டைபாய்டு, கடைசிப் பரீட்சை எழுதவில்லை, உடம்பு இன்னும் தேறவில்லை, அடுத்த மார்ச்சில் எழுதுவாள். அதை என்னை மனப்பாடம் செய்யவைத்து, அம்மா ஒப்புவிக்கச் சொல்லிக் கேட்டாள். செப்டம்பரிலேயே எழுதலாமே என்று அக்கா கெஞ்சினாள். செங்கல்பட்டுக்குப் போய் எழுத வேண்டும், பஸ் ஸ்டாண்டில் யார் கண்ணிலாவது பட்டால் டைபாய்டு என்ன ஆவது என்று அம்மா மறுத்தாள். மார்ச் என்றால் தென்காசியில் மாமா வீட்டில் வைத்துக் கமுக்கமாக எழுதிவிடலாம்.

அதனால் அக்கா வீட்டுக்குள்ளேயே இருந்து அழுதாள். சின்ன அழுகை கிடையாது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி மேலே ஏறி, ஓர் உச்சியில் நின்று, பிறகு மெதுவாக இறங்கும். அது தொடங்கியதும் அம்மா ஓடிப்போய் ஜன்னல்களைச் சாத்துவாள், அப்பா கதவைத் தாழ் போடுவார். நாங்கள் நால்வரும் வேர்வையில் நனைந்தபடி அது அடங்கக் காத்திருப்போம்.

இதற்கு மேல் ஒரு கவிஞனுக்கு என்ன வேண்டும்? வீட்டிலுள்ள ஒருவரைப் பற்றி எட்டு வரி எழுதிவரச் சொல்லி டீச்சர் வீட்டுப்பாடம் கொடுத்தார். நான் எழுதியது இது:

என் அக்கா ஒரு சைரன்.
அவள் ஊத ஆரம்பித்தால்
அம்மா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவாள்,
அப்பா கதவைத் தாழ் போடுவார்.
ஊர் சைரன் எல்லோருக்கும் கேட்க வேண்டும்,
எங்கள் சைரன் யாருக்கும் கேட்கக் கூடாது.
அடங்கியதும் வெளியே வந்து
ஒன்றும் கசியவில்லை என்று சிரிப்போம்.

டீச்சர் இரண்டு முறை படித்தார். அவருக்கு என் அக்காவைத் தெரியாது. அடம்பிடித்து அழும் ஏதோ குட்டிப் பெண் என்று நினைத்திருக்க வேண்டும், விழுந்து விழுந்து சிரித்தார். "பெற்றோர் விழாவுல இதை நீ மேடையில படிக்கிற" என்றார். எத்திராஜையும் கேட்டார். அவன், "மேடைலாம் வேணாம் டீச்சர். மைக்கு செட்டு வேணா பாத்துக்கிறேன்" என்று நழுவிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் வரை நான் தரையில் நடக்கவில்லை. சாயங்காலம் எத்திராஜ் என்னை இறக்கிவிட்டான்.

"ஆமா மச்சான், விழாக்கு யாரு சிறப்பு விருந்தினரு தெரியும்ல?"

"யாரு?"

"உங்கப்பா ஆபீஸ்ல பெரிய ஆபீசரு. அவரு முன்னாடியா சைரன் பத்தி, கசிவு பத்திலாம் படிக்கப் போற? அதெல்லாம் கவர்மென்ட் ரகசியம்டா. உங்கப்பா வேல பூடும். உள்ள வெச்சாலும் வெப்பாங்கோ."

அவன் சொல்லி முடிப்பதற்குள் நான் கக்கூஸில் இருந்தேன். ஆபீஸ் விஷயம் வெளியே பேசக்கூடாது என்று அப்பா தினமும் சொன்னது, அவர் குரலிலேயே, எதிரொலியோடு கேட்டது. அக்கா விஷயத்தில் எனக்குத் துளிப் பயமும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெயில் என்ற சொல்லே என் கவிதையில் கிடையாது, பிசிக்ஸ் கிடையாது, டைபாய்டுகூடக் கிடையாது. குடும்ப ரகசியத்தைப் பூட்டிப் பத்திரமாக வைத்துவிட்டு, தேச ரகசியத்தைத் தெருவில் விட்டுவிட்டேன் என்பதுதான் என் துயரம். அன்று இரவே அப்பாவைக் கையில் விலங்கோடு பார்த்தேன். அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டுகிறாள். தென்காசி போகும் ரயிலில் நான் வாசல் ஓரம் நிற்கிறேன். அந்த நிலையிலும், ரயிலில் கக்கூஸ் இருக்கிறது என்பது ஒரு சின்ன ஆறுதலாக இருந்தது.

மறுநாள் டீச்சரிடம் போய், அக்காவைக் குயிலாக மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"குயில் ஊர்ல எல்லார் வீட்லயும் இருக்குடா. சைரன் உன் வீட்லதான் இருக்கு. மாத்தாத."

"விசில் மிஸ்?"

"போ அந்தப் பக்கம்."

கடைசி வழியாக, விழாவன்று காலையில் அக்குளில் வெங்காயத்தை வைத்துக்கொண்டு படுத்தேன். அப்படி வைத்தால் காய்ச்சல் வரும் என்பது எங்கள் வகுப்பின் மருத்துவ அறிவு. காய்ச்சலுக்கு முன்னால் அம்மா வந்துவிட்டாள்.

"ஏல, சாம்பாருக்கு உரிச்சு வச்ச உள்ளியக் காங்கலன்னு நான் தேடிட்டுக் கெடக்கேன். ஒன் சட்டைக்குள்ள இருந்து என்னல வாடை அடிக்கி?"

வெங்காயம் சாம்பாருக்குத் திரும்பியது. அன்றைய சாம்பாரை நான் தொடவில்லை.

விழாவில் முதல் வரிசை நடுவில் பெரிய ஆபீசர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ரோஜா. இரண்டு வரிசை தள்ளி அப்பா, அம்மா. சுற்றிலும் குவார்ட்டர்ஸே உட்கார்ந்திருந்தது. மகன் கவிதை படிக்கப் போகிறான் என்று அம்மா பட்டுப்புடவை கட்டி வந்திருந்தாள். அக்கா வரவில்லை, டைபாய்டு.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். யாருக்கும் கேட்காமல் படித்துவிட்டால் தேசம் தப்பித்துவிடும் என்று முடிவுசெய்து, உதட்டை மட்டும் அசைத்தேன். மைக் செட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்த எத்திராஜுக்கு அது தொழில் அவமானமாகப் பட்டிருக்க வேண்டும். சத்தத்தைக் கடைசிவரை திருகி வைத்தான். என் முணுமுணுப்பு சவுக்குத் தோப்பைத் தாண்டிக் கடற்கரை வரைக்கும் போனது.

சைரனுக்குக் கொஞ்சம் பேர் சிரித்தார்கள். ஜன்னலுக்குச் சிரிப்பு குறைந்தது. "யாருக்கும் கேட்கக் கூடாது" என்ற வரிக்கு யாரும் சிரிக்கவில்லை. கடைசி வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தபோது, பக்கத்து வீட்டு ஆன்ட்டி திரும்பி அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தன் புடவைக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்த என் வயிறு, வேலை போய்விட்டது என்று தீர்ப்பு எழுதியது.

பெரிய ஆபீசர்தான் முதலில் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். அவர் அறிவியலைப் பற்றி ஏதோ பேசிவிட்டு, மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நேராக அப்பாவிடம் வந்தார். நான் மேடை ஓரத்துத் துணிக்குப் பின்னால் நின்றேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னது எனக்குக் கேட்டது.

"எங்க வீட்லயும் ஒரு சைரன் ஊதிட்டுத்தான் சார் இருக்கு. நாங்களும் சாத்திட்டுத்தான் இருக்கோம்."

அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

வகுப்பில் உருவகத்துக்குப் பாராட்டு வாங்கிய மாணவனான நான், அதை அப்படியே நம்பினேன். பெரிய பதவியில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே ஒரு சைரன் பொருத்திக் கொடுப்பார்கள் போலிருக்கிறது என்று எத்திராஜிடம் சொன்னேன். அவனும் யோசித்து, "இருக்கும்டா. காலிங் பெல்லுக்குப் பதிலா அதான் வெச்சிருப்பாரு" என்றான்.

வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். என்னால் தாங்க முடியவில்லை. "சைரன் பத்தி எழுதிட்டேன்ப்பா. ஒங்க வேல போயிருமாப்பா?"

அப்பா நின்று என்னைப் பார்த்தார். "வேலைக்கு என்னல வந்துச்சு?" என்றார். அதற்கு மேல் ஒன்றுமில்லை. எனக்கு உயிரும் வயிறும் ஒன்றாகத் திரும்பி வந்தன. அம்மா மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பட்டுப்புடவை புழுக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா கதவைத் திறந்ததுமே, "என்னடா படிச்ச? எனக்குச் சொல்லு" என்றாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தடுக்கவில்லை. ஒப்புவித்தேன். முடித்துவிட்டு, "பெயில்ங்கிற வார்த்தையே வரலக்கா, பாத்தியா" என்று என் திறமையையும் சுட்டிக்காட்டினேன். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். ரிசல்ட் வந்ததற்குப் பிறகு அவள் சிரித்து நாங்கள் பார்க்கவில்லை. சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. பழக்கத்தில் அம்மா ஜன்னல் பக்கம் எழுந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரிய ஆபீசரின் ஸ்கூட்டர் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. பின்னால் ஹெல்மெட் போட்ட ஓர் உருவம். ஓட்டியவர் தலையில் ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் யாரும் ஹெல்மெட் போட மாட்டார்கள், அதிலும் பின்னால் உட்காருபவர். உள்ளே வந்து கழற்றியதும் பார்த்தால், அவருடைய மகன். டெல்லியில் மாமா வீட்டில் தங்கி என்ட்ரன்ஸுக்குப் படிப்பதாகக் குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லப்பட்ட அண்ணன். ரிசல்ட் வந்த நாளிலிருந்து அவர் டெல்லி போகவில்லை, மொட்டை மாடிக்குக்கூடப் போகவில்லை. அவருக்கும் பிசிக்ஸ்தான்.

"செப்டம்பர்ல ரெண்டு பேரையும் எழுத வெச்சிடலாம் சார்" என்றார் பெரிய ஆபீசர். "நாம ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லிக் குடுத்தா ஆகாதா?"

அம்மா அடுக்களை வாசலில் நின்றபடி, "செங்கல்பட்டுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள். அக்கா சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

அதன் பிறகு எங்கள் சாப்பாட்டு மேஜை வகுப்பாக மாறியது. முதல் நாளே இரண்டு அப்பாக்களும் ஒரே கணக்குக்கு இரண்டு விடை கண்டுபிடித்து, ஒருவரையொருவர் மிக மரியாதையாகத் திட்டிக்கொண்டார்கள். ஆபீஸில் அப்படிப் பேச முடியாத அப்பாவுக்கு அது பிடித்துப்போனது என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டி கொழுக்கட்டையோடு வந்து, தன் தம்பிக்கும் அந்தக் காலத்தில் கெமிஸ்ட்ரி போன கதையை அக்காவுக்குச் சொன்னார். பின்வரிசை வீட்டிலிருந்து யாரோ பழைய கேள்வித்தாள்களைக் கொடுத்தனுப்பினார்கள். இவர்கள் எல்லோரும் என் கவிதையைப் பாராட்டத்தான் வருகிறார்கள் என்று நம்பி, யார் வந்தாலும் தலை சீவிக்கொண்டு ஹாலில் போய் நின்றேன். யாரும் கேட்காததால் இரண்டு முறை நானாகவே படித்துக் காட்டினேன்.

செப்டம்பரில் இருவரும் எழுதினார்கள், இருவரும் பாஸ். அக்கா நல்ல மார்க், அந்த அண்ணன் தேறியதே பெரிது. அவரை நான் இப்போது அத்தான் என்று கூப்பிடுகிறேன். ஆனால் அதற்கு இன்னும் ஏழெட்டு வருஷம் இருந்தது, அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பெரிய குழப்பம்தான். பரீட்சை முடிந்த பிறகும் அவர் சந்தேகம் கேட்க வந்துகொண்டிருந்தார். அதே பேப்பரில் பெயிலான அக்காவிடம் போய் அவருக்கு என்ன சந்தேகம் தீரும் என்று எனக்கு விளங்கவில்லை. அவர் சொல்லும் தப்பான விடைகளுக்கு, அப்பாவின் சரியான விடைகளுக்குச் சிரிக்காத அக்கா ஏன் சிரிக்கிறாள் என்பதும் விளங்கவில்லை.

நன்றாக யோசித்து, அம்மா சுடும் முறுக்குக்குத்தான் வருகிறார் என்று கண்டுபிடித்தேன். முறுக்கு டப்பாவைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில், டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். சாயங்காலம் அவர் வந்தார். அம்மா டப்பாவைத் தேடிவிட்டு வெறும் தண்ணீர் கொடுத்தாள். அவர் அதைக் குடித்துவிட்டு, மறுநாளும் வந்தார். முறுக்கு இல்லை என்று தெரிந்தும் ஒருவர் எதற்காகக் குவார்ட்டர்ஸின் மறுகோடியிலிருந்து எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்து வருகிறார் என்று, நான் மட்டும் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து, முறுக்கைத் தின்றபடி ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.